டீயில் என்ன போடுவது? பேலியோக்காரர்களுக்குக் கருப்பட்டி முதல் எரித்ரிட்டால் வரை

மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கும் பலரும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டீயில சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போட்டுக்கலாமா?" இட்லியை விட்டுவிடுகிறார்கள். சோற்றைக்கூட விட்டுவிடுகிறார்கள். டீ மட்டும் இனிப்பில்லாமல் இறங்க மறுக்கிறது. கருப்பட்டிக்குக் "கூடாது" என்று பதில் வந்ததும் தேன், அப்புறம் நாட்டுச்சர்க்கரை, அப்புறம் ஆன்லைனில் விற்கும் ஸ்டீவியா, எரித்ரிட்டால், மாங்க் ஃப்ரூட் என்று வரிசை நீள்கிறது. எல்லாப் பாக்கெட்டிலும் 'இயற்கை' என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒன்று ஏன் ஆகும், இன்னொன்று ஏன் ஆகாது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையா செயற்கையா என்பதை ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் உணவுமுறை எதைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். பேலியோ, அதைப் போன்ற கீட்டோ என்றால் கார்ப், அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும். சிறுநீரக நோய்க்கான உணவு என்றால் பொட்டாசியம். ஐபிஎஸ் என்கிற குடல் தொந்தரவுக்கான உணவு என்றால் குடலில் புளித்து வாயுவாகும் சர்க்கரைகள். ஒருவருக்கு ஆகிற இனிப்பு இன்னொருவருக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

நாற்பதில் முப்பது

தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவியிருப்பது உண்மையில் குறைந்த கார்ப், அதிகக் கொழுப்பு உணவுமுறை. காலையில் நூறு பாதாமோ வெண்ணெய் போட்ட டீயோ, மதியம் காய்கறியும் முட்டையும், இரவில் இறைச்சி அல்லது பனீர் என்று போகும். நாள் முழுவதற்கும் கார்ப் 40 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கீட்டோவில் 20 முதல் 50 கிராம் வரை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். அமெரிக்கப் பேலியோ வேறு மாதிரி. கற்கால மனிதனுக்குக் கிடைத்ததெல்லாம் சரி என்பது அங்கே தர்க்கம். அதனால் தேனுக்கும் மேப்பிள் சிரப்புக்கும் இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'பேலியோ இனிப்பு' என்று தேடிப் படித்துவிட்டுத் தேன் பாட்டிலைத் திறப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது டீயைக் கணக்குப் போடுவோம். ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு மூன்று டம்ளர். டீஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 30 கிராம் சர்க்கரை. நாற்பதில் முப்பது டீயிலேயே போய்விட்டது. நூறு பாதாமில் நார்ச்சத்து போக 10 கிராமுக்கு மேல் கார்ப் இருக்கிறது. ஒரு காய்கறியைத் தொடுவதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த உணவுமுறையில் டீயின் இனிப்பைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது.

கருப்பட்டிக் குடும்பம்

கருப்பட்டி என்றால் நமக்கெல்லாம் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்யும். உடன்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆலையில் வெளுக்கப்பட்டதில்லை, தாதுக்கள் இருக்கின்றன, அந்த மணம் வேறு எதிலும் வராது. எல்லாம் உண்மை. ஆனால் பதநீரில் இனிப்பது சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கரும்புச் சாற்றில் இனிப்பதும் அதே சுக்ரோஸ்தான். காய்ச்சித் தண்ணீரை விரட்டிய பிறகு மிஞ்சுவதில் பெரும்பங்கு அதுவே. பனங்கற்கண்டு இன்னும் ஒரு படி மேலே போய், படிகமாகப் பிரிந்த சுக்ரோஸாகவே இருக்கிறது. வெல்லத்தையும் நாட்டுச்சர்க்கரையையும் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை.

"இரும்புச்சத்து இருக்கே" என்பார்கள். வெல்லம், கருப்பட்டி வகைகளில் இரும்பின் அளவு காய்ச்சும் பாத்திரத்தைப் பொறுத்துக்கூட மாறும். 100 கிராமில் 5 மில்லிகிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூனில் வருவது கால் மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. டீயில் போடும் கருப்பட்டியில் இரும்பைத் தேடுவதைவிட, அதே பேலியோவில் தாராளமாகக் கிடைக்கும் ஆட்டு ஈரலைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொரு விஷயம். சந்தையில் விற்பதில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டி நிறைய. பதநீர் இறங்காத மாதங்களிலும் மலிவு விலையில் குவிந்து கிடப்பது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே போதும். சர்க்கரை நோய் உள்ளவர் வந்தால் "உங்களுக்குக் கருப்பட்டி காபிதான் போட்டிருக்கு, பயப்படாம குடிங்க" என்று நீட்டும் அன்பான வீடுகள் இருக்கின்றன. குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் அந்த அன்பின் அளவு தெரியும்.

தேன் இதைவிட ஏமாற்றும். நூறு கிராம் தேனில் சுமார் 82 கிராம் கார்ப். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஆனால் தேன் கனமானது. ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம் எடை வரும், அதில் கார்ப் ஆறு கிராமை நெருங்கும். அதாவது கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் சர்க்கரையைவிடக் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரைப் பட்டியலில் தேனும் பழச்சாறும் சர்க்கரையோடு சேர்ந்தேதான் வருகின்றன. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு என்பது சரி, ஆனால் ஒரு பெரிய மெட்ஜூல் பழத்தில் 16 கிராம் சர்க்கரை இருக்கிறது. மூன்றைப் போட்டு அடித்த 'சர்க்கரை இல்லாத' உருண்டை என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தென்னைச் சர்க்கரைக்குக் கிளைசெமிக் குறியீடு குறைவு என்று விளம்பரம் செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ் அரசின் உணவு ஆய்வு நிறுவனம் அளந்தபோது 35 வந்தது. சிட்னி பல்கலைக்கழகம் அளந்தபோது 54. சாதாரணச் சர்க்கரை 65 சொச்சம். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் நம் கணக்குக்கு உதவாது. கிளைசெமிக் குறியீடு சொல்வது சர்க்கரை எவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது என்பதை. எவ்வளவு ஏறப்போகிறது என்பதை உள்ளே போன கிராம்தான் முடிவு செய்கிறது. தென்னைச் சர்க்கரையில் முக்கால் பங்கு சுக்ரோஸ். கார்ப் எண்ணுகிறவருக்கு அது சர்க்கரைதான்.

இந்த வீட்டு இனிப்புகளில் பேலியோவுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இனி கடை இனிப்புகள்.

ஸ்டீவியா

பராகுவே பகுதியின் குவாரனி மக்கள் தங்கள் கசப்பு மேட் பானத்தை இனிப்பாக்க இந்தச் செடியின் இலையைப் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். நம் ஊர் நர்சரிகளில் சீனித்துளசி என்று கிடைப்பது இதுதான். இலையிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டீவியால் கிளைகோசைடுகள் சர்க்கரையைப்போல் 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, கார்ப் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் இதற்கு அனுமதி கொடுத்தது. பாதுகாப்பான தினசரி அளவும் வகுக்கப்பட்டிருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம், ஸ்டீவியால் கணக்கில். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளில் இருபது டீஸ்பூன் சர்க்கரைக்கு ஈடான இனிப்பை ஸ்டீவியாவாக எடுத்தாலும் அந்த வரம்பைத் தொட மாட்டார்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்புச் சோதனைகளெல்லாம் சுத்திகரித்த சாரத்துக்குச் செய்யப்பட்டவை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பச்சை இலையையும் சுத்திகரிக்காத சாற்றையும் இனிப்பூட்டியாக ஏற்கவில்லை. மாடியில் வளர்த்த சீனித்துளசியில் ஓர் இலையைக் கிள்ளி டீயில் போடுவதால் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இலையே அசல், தூள் கலப்படம்' என்று வாதாடுகிறவர்கள் சோதிக்கப்பட்டது எது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ருசிதான் இதன் பிரச்சினை. இனிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, நாக்கில் தங்கி, கடைசியில் அதிமதுரத்தை மென்றாற்போல் ஒரு கசப்பை விட்டுப்போகும். இஞ்சி, ஏலக்காய் தட்டிப்போட்ட டீயில் அது மறைந்துவிடும். மசாலா மணம் இல்லாத பால் பண்டங்களில் துருத்திக்கொண்டு நிற்கும். கசந்தால் பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்று பொருள். பாதியாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். இவ்வளவு செறிவான பொருளைச் சின்னப் பொட்டலமாக விற்க முடியாது என்பதால் நிரப்புப்பொருள் சேர்ப்பார்கள். அது டெக்ஸ்ட்ரோஸாகவோ மால்டோடெக்ஸ்ட்ரினாகவோ இருந்தால், நீங்கள் வாங்கியது கொஞ்சம் ஸ்டீவியா தூவிய கார்ப். ஒரு கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் கார்ப் இருக்கும். நாளைக்கு ஒன்று என்றால் பரவாயில்லை, எட்டு என்றால் கணக்கில் சேர்க்க வேண்டும். சொட்டு மருந்துபோல் பாட்டிலில் வரும் திரவ ஸ்டீவியாவில் இந்தத் தொல்லை குறைவு.

மாங்க் ஃப்ரூட் சீனாவின் குவாங்ஸி மலைப்பகுதியில் விளையும் ஒரு கொடியின் பழம். இனிப்பு ஏறக்குறைய ஸ்டீவியா அளவுக்கு, கசப்பு குறைவு, விலை கூடுதல். நம் ஊருக்கு வரும் 'மாங்க் ஃப்ரூட்' பாக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எரித்ரிட்டால்தான் நிறைந்திருக்கும். எனவே அதைத் தனித் தேர்வாகப் பார்ப்பதைவிட எரித்ரிட்டாலின் கணக்கில் வைப்பதே சரி.

எரித்ரிட்டால், அதன் உறவினர்கள்

கீட்டோ அல்வா, கீட்டோ ஐஸ்கிரீம், கீட்டோ கேக் என்று எதைச் செய்தாலும் உள்ளே இருப்பது எரித்ரிட்டால். பேரிக்காய், திராட்சை, முலாம்பழத்தில் இயல்பாகத் துளியளவு உண்டு. ஆனால் பாக்கெட்டில் வருவது பழத்தில் எடுத்ததில்லை. மக்காச்சோள மாவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸை ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பது. சர்க்கரையில் 60, 70 சதவீத இனிப்பு. கிராமுக்கு 0.2 கலோரி. சாப்பிட்டதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, உடலில் எரியாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தச் சர்க்கரை அசைவதில்லை. பெருங்குடலுக்குக் கொஞ்சமே போவதால் வயிறும் அவ்வளவாக உப்புவதில்லை. பார்ப்பதற்கும் சர்க்கரை மாதிரியே மணிமணியாக இருக்கும். வாயில் போட்டால் ஜில்லென்று ஒரு குளிர்ச்சி, அது சிலருக்குப் பிடிக்காது.

இவ்வளவு நல்ல பிள்ளையின் மேல் 2023இல் ஒரு சந்தேகம் விழுந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் குழு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியது. நம் உடலே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் தயாரிக்கும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு அது கூடுதலாக இருக்கக்கூடும். எனவே ரத்தத்தில் இருந்தது சாப்பிட்டதால் வந்ததா, நோயால் வந்ததா என்று ஆய்வின் அந்தப் பகுதியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் அதே குழு ஆரோக்கியமானவர்களுக்கு 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் திரளும் தன்மை கூடியது. அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: டீக்கு ஒரு டீஸ்பூன் என்பது 4, 5 கிராம். ஒரு கிண்ணம் கீட்டோ அல்வாவில் 30 கிராம் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வயிற்றுப்போக்கைக் கணக்கில் வைத்து வகுத்த வரம்பும் கிலோவுக்கு அரை கிராம், அதாவது 60 கிலோ எடைக்கு அதே 30 கிராம். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தினசரிப் பொருளாக்காமல் இருப்பது நல்லது. மற்றவர்களும் பிறந்தநாள், தீபாவளி என்று வைத்துக்கொள்ளலாம்; தினமும் இரவு உணவுக்குப் பின் கீட்டோ கேக் என்றால் அது நான் எடுக்க விரும்பும் பந்தயமில்லை.

சைலிட்டாலுக்குச் சர்க்கரையின் அளவே இனிப்பு, கிராமுக்கு 2.4 கலோரி. கொஞ்சம் அளவு மீறினால் வயிறு கலங்கும். வீட்டில் நாய் இருந்தால் வாங்கவே வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

இந்தக் குடும்பத்தில் உண்மையான கறுப்பு ஆடு மால்டிடால். கடைகளில் 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் பல சாக்லேட்டுகளிலும் இனிப்புகளிலும் இருப்பது இது. சர்க்கரைக்கு மிக நெருக்கமாக நடந்துகொள்ளும் என்பதால் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். அதே காரணத்தால் ரத்தச் சர்க்கரையையும் கணிசமாக ஏற்றும். கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு. நான்கு துண்டு சாப்பிட்டால் இரவில் தூக்கம் கெடும், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பெயர்கள் நினைவில் நிற்காவிட்டால் பாக்கெட்டின் பின்பக்கம் எண்களைப் பாருங்கள்: 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால், 967 சைலிட்டால், 965 மால்டிடால், 955 சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. 965 இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சமையலில் இன்னொரு சிக்கல் உண்டு. எரித்ரிட்டாலைக் காய்ச்சினால் கம்பிப் பதம் வராது, ஆறினால் மறுபடி மணியாகிவிடும். ஸ்டீவியாவில் பாகு என்ற பேச்சே இல்லை. பாதாம் அல்வா, தேங்காய்ப்பால் பாயசம் போன்றவை ஒப்பேறும். அதிரசமும் கடலை மிட்டாயும் நடக்காது. அப்படி ஏதோ ஒரு 'கீட்டோ அதிரசம்' செய்முறை கண்ணில் பட்டால் பாதாம் மாவை வீணாக்காதீர்கள்.

எடை குறையுமா?

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. அதில் ஸ்டீவியாவும் அடக்கம். அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது, எரித்ரிட்டால் வகைகளையும் அது தொடவில்லை. இதைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் பகிர்ந்தார்கள். மறுபக்கம், சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை நோயாளிகளின் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போடவைத்து 12 வாரம் பார்த்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் பெரிய மாற்றமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்தன. சுக்ரலோஸ் இயற்கைப் பொருளில்லை, ஆனால் நம் ஊர் டம்ளரில் நம் ஊர் ஆட்களிடம் பார்த்தது என்பதால் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது: டீ இனிப்பை மாற்றுவது உதவும், கொஞ்சமாக. மீதி வேலையைத் தட்டுதான் செய்ய வேண்டும்.

பேலியோ இல்லாதவர்களுக்கு

வேறு உணவுமுறையில் இருப்பவர்களுக்கு வரிசையே தலைகீழாகும். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய குறைந்த ஃபாட்மேப் உணவில் (குடலில் புளிக்கும் அந்தச் சர்க்கரைகளுக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர்) தேன் ஆகாது, சைலிட்டாலும் மால்டிடாலும் ஆகாது. அளவான வெள்ளைச் சர்க்கரை ஆகும்! சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பேரீச்சம்பழமும் வெல்லமும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. சமணர்களும் வீகன்களும் தேனைத் தொடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்த உணவுமுறையிலும் தேன் கூடாது.

அதிமதுரத்தைப் பொடித்து டீயில் போடும் யோசனையும் சுற்றுகிறது. இயற்கைதான், இனிக்கவும் செய்யும். ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் தினசரி டீக்கு இதைத் தேர்வதைவிட ஒரு டீஸ்பூன் சர்க்கரையே மேல் என்பேன். நேர் எதிர் வழியும் ஒன்று இருக்கிறது: சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. லட்டு, மணல் மாதிரி இருக்கும். விருந்துக்குப் போவதற்கு முன் வேடிக்கையாகச் செய்து பார்க்கலாம், ஆனால் சர்க்கரை மாத்திரையோடு தினமும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொண்டு கார்ப் குறைப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கி வியர்க்கும்போது ஸ்டீவியா டீ எந்த உதவியும் செய்யாது; அந்த நேரத்தில் சீனியோ குளுக்கோஸோதான் வேண்டும். வீட்டில் சர்க்கரை டப்பாவையே தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இவர்களாக இருந்தால், தயவுசெய்து திரும்ப வாங்கி வையுங்கள். மாத்திரை அளவைக் குறைப்பது பற்றியும் பேலியோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

எல்லாம் சரி, டீக்கு எதைப் போடுவது? முதல் இரண்டு வாரம் திரவ ஸ்டீவியா, டம்ளருக்கு இரண்டு சொட்டு. மூன்றாம் வாரம் ஒரு சொட்டு. அதற்குள் பாலின் இனிப்பே நாக்குக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், பிறகு அந்த ஒரு சொட்டும் பலருக்குத் தேவைப்படுவதில்லை. சர்க்கரையை நிறுத்தியவர்களுக்கு முன்பு சாதாரணமாக இருந்த இனிப்பு திகட்டலாகத் தோன்றுவது புதிய செய்தியில்லை. எரித்ரிட்டால் ஒரு சின்னப் பாக்கெட், பண்டிகைக்கு. புதிதாக எந்த 'சுகர் ஃப்ரீ' பண்டத்தை வாங்கினாலும் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் சாப்பிடும் முன் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள். விளம்பரத்தைவிட அந்த இரண்டு எண்கள் நம்பகமானவை.

கருப்பட்டி எப்போது திரும்ப வரலாம்? எடை நின்று, ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கி, கார்ப் அளவை 100, 120 என்று தளர்த்திக்கொண்ட பிறகு. அப்போதும் டீயில் தினமும் கரைத்துக் குடிப்பதற்கில்லை. தெரிந்தவர் மூலம் நல்ல உடன்குடிக் கருப்பட்டியாக வாங்கி, மாதம் ஒருநாள் சுக்கு தட்டிப்போட்டு ஒரு காபி. அதில் ஸ்டீவியா கலக்காதீர்கள், இரண்டின் ருசியும் கெட்டுவிடும்.